பாஞ்சாலையும் தெற்கு வீதிச் சன்னல்களும்

பாஞ்சாலையின் கை முதலில் பழகியது களிமண்ணில்தான், மரத்தில் அல்ல. கல்யாணமாகி சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விருத்தாசலம் வந்த மறு வருஷமே, தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். களிமண் குழம்பை அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்துப் பொம்மையை எடுப்பார்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில், பொம்மையின் உடம்பு நெடுக ஒரு மெல்லிய விளிம்பு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, அப்படி ஒரு விளிம்பு இருந்த சுவடே தெரியாமல் ஆக்குவது அவள் வேலை. சூளைக்குப் போகாத பச்சை மண் என்பதால் கை கொஞ்சம் அழுந்தினாலும் பிள்ளையாரின் காது கையோடு வந்துவிடும். பாஞ்சாலையின் மேஜையில் காதில்லாத பிள்ளையார் அதிகம் கிடந்ததில்லை.

புருஷன் நடராசன் அதே தொழிற்பேட்டையில் லோடு ஆட்டோ ஓட்டினான். பிறகு திருப்பூரில் நல்ல வேலை என்று போனான். முதலில் மாசத்துக்கு ஒரு முறை வந்தான். அப்புறம் பண்டிகைக்கு வந்தான். அப்புறம் போன் மட்டும் வந்தது. அவனுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருப்பது பாஞ்சாலைக்குத் தெரிந்தபோது மகள் வெண்பா எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்ட அன்றும் அவள் வேலைக்குப் போனாள். பக்கத்து மேஜையில் வேலை செய்யும் அம்புஜவல்லி டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

"எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியும் பாஞ்சால. நீ தாங்கமாட்டேன்னுதான் யாரும் சொல்லல."

பாஞ்சாலை டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய் மிச்சமிருந்த பொம்மைகளைச் சீவினாள். நடராசன் செய்தது ஒரு பக்கம் இருந்தது. தெருவும் கம்பெனியும் தெரிந்து வைத்துக்கொண்டு தன்னைப் பார்த்துச் சிரித்துப் பேசிய அந்த ஒரு வருஷம் இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டாவதுதான் கனம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

கம்பெனியும் பிறகு மூடிக்கொண்டது. ஆர்டர் குறைந்து, ஒரு சூளையை நிறுத்தினார்கள், அடுத்ததை நிறுத்தினார்கள். சேலம் சாலையில் பழைய மரச்சாமான் யார்டு வைத்திருந்த அவள் அண்ணன் திருமால் வந்து, "எங்கயும் போய் நிக்காத, நம்ப யார்டுக்கு வந்துடு" என்று கூப்பிட்டான்.

திருமாலின் தொழிலுக்கு ஊரில் 'வீடு இறக்குவது' என்று பெயர். பழைய வீட்டை மொத்தமாகப் பேசி எடுத்து, கதவு, சன்னல், தூண், உத்திரம், ஓடு என்று பிரித்து, யார்டுக்குக் கொண்டுவந்து விற்பான். யார்டில் சன்னல்கள் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பாஞ்சாலைக்குக் கொடுத்த வேலை ஆணி பிடுங்குவதும் பெயிண்டு சுரண்டுவதும். மற்ற ஆட்கள் உளியை வைத்துச் சுரண்டினார்கள்; பெயிண்டோடு மரமும் வந்தது. அவள் கம்பெனியில் வைத்திருந்த சின்னக் கத்தியைக் கொண்டுவந்தாள். அவள் சுரண்டிய பலகையில் காயம் இருக்காது. யார்டில் தச்சு வேலை பார்த்த தேவநாதன் இணைப்புப் போடுவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள், பிறகு தானே போட்டாள். இற்றுப்போன அடிச்சட்டத்தை வெட்டி எடுத்து, அதே வயசுத் தேக்கில் துண்டு பொருத்தி, மர ஆணி அடித்து இழைத்தால், ஒட்டு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து ஓட்டல்காரர்கள் வரும்போது, "அந்தம்மா செஞ்ச ஜன்னல காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். திருமாலுக்கு அதில் பெருமைதான். வெண்பாவின் நர்சிங் படிப்புக்குக் கடலூரில் இடம் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

ஒரு நாள் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற சுப்புராயன் என்பவர், உடைந்த பித்தளைக் கீல் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு யார்டுக்கு வந்தார்.

"இந்த மாதிரி கீலு இருக்குதாம்மா?"

பாஞ்சாலை வாங்கிப் பார்த்தாள். "கீலு இருக்குது சார். ஆனா இது தானா ஒடஞ்ச கீலு இல்ல. யாரோ கதவ நெம்பியிருக்காங்க."

"நான்தான் நெம்புனேன். தொறக்க மாட்டேங்குது."

"பெயிண்டு புடிச்சிருக்கும். நெம்புனா கீலுதான் போவும்."

அவர் கீலைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார். "வூட்டுல அவங்களுக்கு மூச்சு வாங்குது. ஏசி ஒத்துக்கல. டாக்டரு காத்தோட்டமா வைங்கன்றாரு. ஜன்னலோ ஒண்ணுகூட தொறக்கல. வந்து பாக்கறீங்களா?"

திருமாலும் போய்ப் பார்த்துவிட்டு வா என்றான்.

தெற்கு வீதியில் இருந்த அந்த வீட்டைக் கட்டியவர் சுப்புராயனின் மாமனார். மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்தவர். ஒரே மகள் சொர்ணாம்பாளுக்கு வீட்டை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். சொர்ணாம்பாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூச்சு வாங்கும்போதும் சொற்களை நறுக்கென்று தனித்தனியாகச் சொல்வார். வீட்டுச் சன்னல்கள் பர்மா தேக்கு. ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு, நடுவில் இரும்புக் கம்பிகள். கோயில் குரங்குகள் கம்பி வழியாகக் கையை விட்டுத் தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போகின்றன என்று எப்போதோ கீழ்க் கதவுகளை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். மேல் கதவுகளைப் பெயிண்டே மூடிவிட்டது. பழுப்புக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே எண்ணெய் ஊறிய கறுப்பு.

பாஞ்சாலை முதலில் கூடத்துச் சன்னலை எடுத்தாள். இரண்டு கதவுகளின் இடுக்கிலும் பிளேடை ஓட்டிப் பெயிண்டுத் தோலை அறுத்தாள். ஆணித் தலைகளைச் சுற்றி எண்ணெய் விட்டு ஊறவைத்து, குறடால் ஒவ்வொன்றாக ஆட்டி எடுத்தாள். சூடான காற்றை ஊதும் துப்பாக்கி போன்ற கருவியால் பழைய பெயிண்டை இளக்கிச் சுரண்டினாள். கதவுக்கும் கம்பிக்கும் நடுவில் குளவிக் கூடுகள் காய்ந்து கிடந்தன. அடிச்சட்டம் ஒரு பக்கம் மழையில் இற்றுப் பஞ்சாகியிருந்தது. அதை வெட்டிவிட்டு யார்டிலிருந்து எடுத்துவந்த தேக்குத் துண்டைப் பொருத்தினாள். கீல்களை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டி, கதவைத் தள்ளியபோது அது ஒரு விரல் தள்ளலுக்கே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. கூடவே வீதியில் போன பஸ்ஸின் ஹாரனும், பூக்கடைக்காரர் யாரையோ கூப்பிடும் சத்தமும் வந்தன.

"சத்தமா இருக்குது" என்றார் சொர்ணாம்பாள்.

"மூடிடட்டுங்களாம்மா?"

"இருக்கட்டும்."

மறுநாள் பாஞ்சாலை வந்தபோது அவருடைய நாற்காலி சன்னலுக்குப் பக்கத்தில் நகர்ந்திருந்தது. நேற்று இரவு அவர் மூச்சுக்காக உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியிருக்கவில்லை என்று சுப்புராயன் சமையலறையிலிருந்து சொன்னார்.

அடுத்த அறைச் சன்னலில் பாதி வேலை ஓடிக்கொண்டிருந்தபோது, சென்னையில் இருக்கும் அவர்கள் மகன் ராஜ்மோகன் வந்தான். அவனோடு கூடவே வெள்ளைச் சட்டையில் திருமாலும் வந்தான்.

"அம்மா, இவரு பாஞ்சாலையோட அண்ணன். வேலை எப்படி நடக்குதுன்னு பாக்க வந்தாரு" என்றான் ராஜ்மோகன்.

"வாங்க" என்றார் சொர்ணாம்பாள்.

திருமால் சன்னலை ஒரு பார்வை பார்த்தான். அதோடு சரி. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கூடம் முழுக்க நடந்தான். ஒவ்வொரு தூணிலும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டான். உத்திரத்தை அண்ணாந்து பார்த்தான். பின்கட்டு வரைக்கும் போய்விட்டு வந்தான். யார்டில் இத்தனை நாள் இருந்ததில் பாஞ்சாலைக்கு அந்த நடை தெரியும். வீட்டை இறக்குவதற்குப் பார்க்கும்போது மட்டும்தான் அவன் அப்படி நடப்பான்.

சாயங்காலம் யார்டில் அவன் தனியாக இருக்கும்போது கேட்டாள்.

"அந்த வூட்ட பேசிட்டியா?"

"புள்ள பேசியிருக்கான். எடத்த கடை கட்டறவரு ஒருத்தரு கேக்கறாரு. பொங்கலுக்கு மேல எறக்கிடலாம்னு பேச்சு."

"அந்தம்மாவுக்குத் தெரியாதுபோல இருக்குதே."

"அத புள்ள சொல்லிக்குவான். நமக்கு எதுக்கு அது?" அவன் மர அளவு எடுத்துக்கொண்டே பேசினான். "நீ செய்யறத நல்லா செய்யி. எப்படியும் அந்த ஜன்னலெல்லாம் இங்கதான் வரப்போவுது. இப்பவே செஞ்சி முடிச்சா அப்புறம் நமக்கு வேலை மிச்சம்."

அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் சொன்னதில் கணக்குத் தப்பும் இல்லை. அவள் மறுநாளும் தெற்கு வீதிக்குப் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். கை வேலை செய்தது. சொர்ணாம்பாள் சன்னலோரம் உட்கார்ந்து, எக்ஸ்சேஞ்சில் யார் யாருக்கு லைன் கொடுத்தோம் என்ற கதைகளைச் சொல்வார். எந்த மாப்பிள்ளை வீட்டார் எத்தனை தடவை ட்ரங்க் கால் போட்டு வரதட்சணை பேசினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும். அதான் வேலை" என்பார். அடுத்த தீபாவளிக்குள் மாடி அறைச் சன்னலையும் பார்த்துவிட வேண்டும் என்றார். பாஞ்சாலை ம் கொட்டினாள். ம் கொட்டும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. தெருவிலும் கம்பெனியிலும் தன்னைப் பார்த்துச் சிரித்த முகங்கள் அப்படித்தான் இருந்தன.

ஒரு காலை, சுப்புராயன் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். பாஞ்சாலை உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். இந்த வூட்ட எறக்கறதுக்குப் பேசி வெச்சிருக்காங்க. பொங்கலுக்கு மேல."

சொர்ணாம்பாள் திரும்பிப் பார்த்தார். "யாரு பேசுனது?"

"உங்க புள்ள."

"எறக்கப் போறது யாரு?"

"எங்க அண்ணன்."

வீதியில் ஒரு ஆட்டோ நின்று, ஆள் இறங்கி, மறுபடி கிளம்பியது. "அப்ப நீ எதுக்கு இத எங்கிட்ட சொல்ற?" என்று கேட்டார் சொர்ணாம்பாள்.

"எனக்கு ஒருதடவ யாரும் சொல்லலம்மா."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாஞ்சாலை சொல்லியிருப்பாளோ என்னவோ. "அந்த மேல் கதவு இன்னும் திக்குது. பாரு" என்றார். பாஞ்சாலை ஏணியை நகர்த்திக்கொண்டு போனாள்.

சுப்புராயன் காய்கறிப் பையோடு உள்ளே வந்ததும் சொர்ணாம்பாள் நேராகக் கேட்டார். "வூட்ட எறக்கப் போறாங்களாமே. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் பையைக் கீழே வைக்கவில்லை. தெரியாது என்று சொல்லவும் இல்லை. அப்போதுதான் பாஞ்சாலைக்கும் விளங்கியது. மகனிடம் ஆடி மாதமே சரி என்று சொல்லிவிட்டதாக அவரே மெதுவாக ஒப்புக்கொண்டார். தீபாவளி கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தார், பிறகு கார்த்திகை கழித்து என்று தள்ளிப் போட்டார்.

"எறக்கப் போற வூட்டுக்கு எதுக்கு ஜன்னல் வேலை?" என்றார் சொர்ணாம்பாள்.

"அதுவரைக்கும் நீ மூச்சு விடணுமில்ல" என்றார் அவர்.

அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். சொர்ணாம்பாள் அதன்பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை. காபி வேண்டும் என்றால் பாஞ்சாலையிடம் சொல்வார்; பாஞ்சாலை ஏணியில் நின்றபடியே சமையலறைப் பக்கம் திரும்பிச் சொல்வாள்; சுப்புராயன் போட்டுக்கொண்டு வருவார்.

ராஜ்மோகன் அந்த வாரக் கடைசியிலேயே வந்தான். அவன் குரல் உயர்த்தவில்லை. மாடிப்படி ஏறி இறங்க முடியவில்லை, மழைக்குப் பின்கட்டு ஒழுகுகிறது, ஓர் அவசரத்துக்குப் பக்கத்தில் யாருமில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எல்லாமே உண்மைதான்.

"உங்களால முடியலம்மா" என்று முடித்தான்.

"முடியலன்னு நான் சொல்லணும், ராஜூ. எனக்குப் பதிலா நீ சொல்லக்கூடாது. கையெழுத்துக்கு என்கிட்ட எப்ப வரலாம்னு இருந்த?"

அவன் சன்னல் பக்கம் திரும்பினான். "நீங்க ஜன்னல் வேலைக்குத்தானே வந்தீங்க?" என்று பாஞ்சாலையிடம் கேட்டான்.

"ஆமா சார்" என்றாள் அவள். தேய்த்துக்கொண்டிருந்த பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்தாள்.

வீடு சொர்ணாம்பாள் பெயரில் இருந்தது. அவர் கையெழுத்துப் போடவில்லை. கடை கட்ட இருந்தவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டார். பேச்சு அதோடு நின்றது.

திருமால் யார்டில் அவளுக்காகக் காத்திருந்தான்.

"யாரு சொன்னது அந்தம்மாகிட்ட?"

"நான்தான்."

"என் தொழில்ல நான் யாரு வாயிலயும் விழுந்தது இல்ல. கூடப் பொறந்தவளே கவுத்துட்டா." அவன் நாற்காலியில் இருந்து எழுந்திருக்கவில்லை. "ஒன்ன நான் எந்த நெலமையில கூட்டியாந்தேன்? அதயாவது நெனச்சியா?"

"நெனச்சேன்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

பாஞ்சாலை தன் கத்திகளை ஒரு துணியில் வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நடராசன் சமாச்சாரம் ஒனக்கு எப்ப தெரியும்?"

"அதுக்கும் இதுக்கும் என்னா இருக்குது?"

"எப்ப தெரியும்னுதான் கேக்கறேன்."

தேவநாதன் இழைப்புளியை நிறுத்திவிட்டு வெளியே போனார். திருமால் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வெண்பா ஏழாவது படிக்கும்போதே தெரியும். திருப்பூருக்குப் போயி அவன்கிட்ட பேசிப் பாத்தேன். கேக்கல. ஒன்ன ஒடச்சிப் போட வேணாம்னு நெனச்சேன்."

"தெரிஞ்சப்புறமும் நான் ஒடயல இல்ல."

 "நாளைலேர்ந்து யார்டுக்கு வராத" என்றான் அவன். அவள் சுருட்டிய துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரிண்ணா, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தெற்கு வீதி வேலையை அவள் மாடி அறை வரைக்கும் முடித்துக் கொடுத்தாள். மரத் துண்டுக்கு யார்டு இல்லாததால் உளுந்தூர்பேட்டை வரைக்கும் போய் வாங்கிவர வேண்டியிருந்தது. அதன்பிறகு வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தேடி வந்தது. திட்டக்குடியில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், பங்களாவின் முன்பக்கச் சன்னல்கள் முழுக்கச் செய்யச் சொன்னது. அதன் பக்கத்தில் மங்களூர் கிராமத்தில் ஒரு விவசாயி, கரையான் தின்ற சன்னல் சட்டம் ஒன்றை மாற்றாமலே காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். அடிப்பக்கம் உள்ளே வெறும் மண்தான் இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் மறுபடி கூப்பிட்டு, சரி, முடிந்ததைச் செய் என்றார். கதவுகளைக் கழற்றிக் கோணி சுற்றி பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். திட்டக்குடி பஸ் கண்டக்டர் முதல் நாள், "இதுக்கும் டிக்கெட் எடுக்கணும்மா, ஆளு ஒசரம் இருக்குது" என்றார். பழகிய பிறகு அவரே கதவுக்குச் சன்னலோரம் இடம் ஒதுக்கி வைத்தார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் அவள் குடியிருந்த வீட்டின் முன்புறம் தகரக் கூரை இறக்கி, அதன்கீழ் வேலை செய்தாள். அம்புஜவல்லிக்கும் வேலை இல்லாமல் இருந்தது. அவள் வந்து சுரண்டுவதற்கு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கம்பெனியில் உட்கார்ந்த மாதிரியே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பழைய பேச்சு ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை. அம்புஜவல்லியின் மேல் அவளுக்கு இப்போது கோபம் இல்லை. எப்போது போனது என்று அவள் கவனித்து வைத்திருக்கவும் இல்லை.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமலே வெண்பா படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், நெய்வேலியில் வேலை பார்க்கும் பாரி என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமாயிற்று. தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடத்த முடியாது. பாஞ்சாலை தட்டில் வெற்றிலை பாக்கு பழம் பத்திரிகை வைத்து எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வாங்கிக்கொண்டாள். திருமால் உள்ளே இருந்தான், டிவி ஓடும் சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை. கல்யாணத்தன்று மாமன் சடங்குக்குக் கூப்பிடும் நேரத்துக்குச் சரியாக மண்டபத்தில் வந்து நின்றான். புடவை, மாலை, மோதிரம் எதிலும் குறை வைக்கவில்லை. சடங்கு முடிந்ததும் சாப்பிடாமல் போய்விட்டான். நடராசனுக்கும் பத்திரிகை போயிருந்தது. அவன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த வருஷ மழைக்காலத்தில் சுப்புராயன் மாரடைப்பில் இறந்துபோனார். அவரும் மனைவியும் எப்போதோ மறுபடி பேச ஆரம்பித்திருந்தார்கள். கடைசி மாலை இருவரும் கூடத்துச் சன்னலோரம் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்ததாகச் சொர்ணாம்பாள் சொன்னார். அதன்பிறகு அடுத்த மழைக்காலம் வரை அவர் அந்த வீட்டில் தனியாக இருந்து பார்த்தார். பின்கட்டின் ஒரு பக்கம் சரிந்தது. ஒருநாள் திருமாலுக்கு அவரே போன் செய்தார்.

"வூட்ட எறக்கணும். இப்ப நான் சொல்றேன். ஆனா ஒண்ணு, ஜன்னல உங்க ஆளுங்க தொடக்கூடாது. பாஞ்சாலை வந்து எடுக்கணும்."

திருமால் தேவநாதனை அனுப்பினான். தேவநாதன் வந்து தகரத்துக்கு வெளியே நின்று, "அண்ணன் கூப்புடறாரு" என்றார். எதற்கு என்று சொன்னார். பாஞ்சாலை கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினாள்.

வீடு காலியாக இருந்தது. ஆட்கள் கடப்பாரைகளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். பாஞ்சாலை முதலில் கதவுகளைக் கழற்றிக் கோணியில் சுற்றினாள். பிறகு நிலைச் சட்டத்தைச் சுற்றிப் பழைய சுண்ணாம்புக் காரையைக் கத்தியும் சின்ன உளியும் வைத்துச் சுரண்டி எடுத்தாள். சுவருக்குள் பதித்திருந்த இரும்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். இதே சன்னலைத் திறப்பதற்குப் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. நெஞ்சில் ஏதாவது செய்யும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஒன்றும் செய்யவில்லை. மேல்பக்கக் காரை ஒரேயடியாக விழுந்துவிடக் கூடாதே என்ற யோசனைதான் இருந்தது.

சட்டம் தளர்ந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். திருமால் வந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டான். இருவருமாகச் சாய்த்து, தரையில் இறக்கினார்கள். அவன் குனிந்து அடிச்சட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தான்.

"இதுலயா ஒட்டுப் போட்ட?"

"ஆமா."

"தெரியல" என்றான். பிறகு ஆட்களைப் பார்த்து, "டீ வாங்கியாங்கப்பா, அதுக்கும் ஒண்ணு" என்று தங்கையைக் காட்டினான்.

இவ்வளவுதான் அவர்கள் சமாதானம். இப்போது அவன் எடுக்கும் வீடுகளில் சன்னல்களை அவள்தான் பிரிக்கிறாள். யார்டுக்கு மட்டும் திரும்பப் போகவில்லை. வேலை தகரத்தின் கீழேயே நடக்கிறது. தெற்கு வீதிச் சன்னல்கள் புதுச்சேரியில் ஒரு ஓட்டலுக்குப் போயின. வெண்பா போனில் படம் காட்டினாள். அங்கே அவற்றை ஒரு சுவரில் அலங்காரமாக மாட்டி, பின்னால் விளக்குப் போட்டிருந்தார்கள். பாஞ்சாலை பார்த்துவிட்டு, "கொக்கிய தலகீழா மாட்டியிருக்காங்க" என்றாள்.

சொர்ணாம்பாள் மகனோடு சென்னைக்குப் போகவில்லை. கடலூர் சாலையில் லிப்டு உள்ள ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கிக்கொண்டார். ராஜ்மோகன் மாசத்துக்கு ஒரு முறை வந்து போகிறான். சென்ற மாதம் பாஞ்சாலை அவரைப் பார்க்கப் போயிருந்தாள். வீட்டில் எல்லாமே புதிது. சன்னல்கள் அலுமினியம், கண்ணாடி, பக்கவாட்டில் நகர்வது.

"இது பாதிக்கு மேல தொறக்க மாட்டேங்குது. என்னான்னு பாரேன்" என்றார் சொர்ணாம்பாள்.

பாஞ்சாலை எழுந்துபோய் கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தாள். தடத்தில் இருந்த தூசியை விரலால் வழித்தாள். கோளாறு ஒன்றும் இல்லை.

"இது இவ்ளோதாம்மா தொறக்கும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

"அப்படியா" என்றார் அவர். திறந்திருந்த பாதிக்கு நேராக நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, அவளுக்கும் ஒரு நாற்காலியைக் காட்டினார்.